ஒற்றைக்கல் மந்து: ஒரு பெயரின் சரித்திரம்

உதகமண்டலம் என்ற பெயரில் உதகமும் இல்லை, மண்டலமும் இல்லை. உதகம் என்றால் நீர் என்று தெரிந்துவைத்திருந்த யாரோ அந்த அறிவைக் கொண்டு ஓர் ஊரின் பெயரைத் திருத்திவிட்டார்கள். ஏரி இருக்கிறதே என்பார்கள். ஏரியைக் கட்டுவித்தவர் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். வேலை தொடங்கியது 1823ஐ ஒட்டி. ஊரின் பெயரோ 1821 மார்ச்சிலேயே சென்னைப் பத்திரிகை ஒன்றில் வெளியான கடிதத்தில் அச்சேறிவிட்டது, 'வோட்டோகைமண்ட்' என்று. தண்ணீர் வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. 'மண்ட்' என்பது மந்து. தொதவர்களின் குடியிருப்பு, பிரம்பும் மூங்கிலும் வளைத்துப் புல் வேய்ந்த சில வீடுகள், ஒரு பால்மனை, எருமைகளுக்கு ஒரு பட்டி. முன்பாதியை ஒற்றைக்கல் என்று பொருள் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கல் நின்ற இடத்தில் ஒரு மந்து இருந்தது என்பதில் சமஸ்கிருதம் சேர்க்க முடியாத ஒரு திடம் இருக்கிறது.

கோயம்புத்தூர்க்காரனாகிய நான் இதைச் சொல்லிச் சிரிப்பது நியாயமில்லை. எங்கள் ஊரே கோவன் என்ற இருளர் தலைவனின் புத்தூர் என்பதுதான் நாங்கள் சிறுவயதிலிருந்து கேட்டுவந்த கதை. காடு திருத்தினான், ஊர் அமைத்தான், கோனியம்மனை வைத்தான் என்று கதை போகிறது. கதை எவ்வளவு தூரம் சரித்திரம் என்பது வேறு விவகாரம். ஆனால் ஊரே சேர்ந்து இந்தக் கதையை ஏற்றுக்கொண்டு, தேர்த் திருவிழா நடத்திக்கொண்டு, கோவனின் ஜனங்களை மலையடிவாரத்துக்கு, சிறுவாணிப் பக்கத்துக் காட்டோரத்துக்கு, செங்கல் சூளைகளுக்கு அனுப்பிவைத்துவிட்டு, பெயரை மட்டும் கோவை என்று செல்லமாகச் சுருக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. பெயரை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவது ஒரு நாகரிகத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல.

அமெரிக்காவில் ஆர்கன்ஸா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. 1673ல் மார்க்கெத் என்ற பிரெஞ்சுப் பாதிரியும் ழொலியே என்பவரும் மிஸிஸிப்பியில் படகில் இறங்கி வந்தபோது, வடக்கே இருந்த இலினாய் ஜனங்கள் தெற்கே இருந்தவர்களைக் குறிக்கத் தம் பாஷையில் வைத்திருந்த பெயர் அது. அந்த ஜனங்கள் தம்மைச் சொல்லிக்கொண்டது க்வாபா என்று. நீரோட்டத்தோடு கீழே போனவர்கள் என்று பொருள். அடுத்தவன் வைத்த பெயர் நதிக்கு ஒட்டிக்கொண்டது, நதியிலிருந்து மாநிலத்துக்குப் போயிற்று. 1818ல் ஒரு ஒப்பந்தம், பெரும்பகுதி நிலம் போயிற்று. 1824ல் இன்னொன்று, மிச்சம் போயிற்று. 1833ல் மூன்றாவது. 1834ல் அவர்கள் தம் பெயர் கொண்ட மாநிலத்தை விட்டே வெளியேறி, இன்றைய ஓக்லஹோமாவின் வடகிழக்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே க்வாபா என்ற சிற்றூர் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்த இனத்தின் தலைநகர். அதிர்ஷ்டம் என்று சொல்வதா தெரியவில்லை, அந்த நிலத்தின் அடியில் ஈயமும் துத்தநாகமும் இருந்தன. நிலத்துச் சொந்தக்காரர்களில் பலரைத் தம் சொத்தை நிர்வகிக்கத் தகுதியற்றவர்கள் என்று அரசாங்கம் அறிவித்து, அவர்கள் சார்பில் தானே குத்தகைக்கு விட்டது. தோண்டி முடித்த பிறகு மலைமலையாகச் சுரங்கக் கழிவு நின்றது. பக்கத்துச் சுரங்க நகரமான பிச்சர் 2009ல் நகரம் என்ற அந்தஸ்தையே இழந்தது. இப்போது அந்தக் கழிவை அப்புறப்படுத்தும் வேலையை க்வாபா இனத்தாரே எடுத்துச் செய்கிறார்கள்.

இதை இங்கே சொல்வதற்கு ஒரு வருஷம்தான் காரணம். 1818. க்வாபா தலைவர்கள் முதல் ஒப்பந்தத்தில் குறி போட்ட அதே ஆண்டில், கோயம்புத்தூர்க் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்ற இருவர் நீலகிரியின் மேல் ஏறினார்கள். இறங்கி வந்து அவர்கள் சொன்னதைக் கேட்டு, அடுத்த ஆண்டு சல்லிவன் தாமே ஏறினார். இரண்டு கண்டங்களில் ஒரே காரியம் நடந்துகொண்டிருந்தது என்று சொன்னால் சுலபமாக இருக்கும். அப்படி இல்லை. அங்கே துப்பாக்கியும் ஒப்பந்தமும் இருந்தன. இங்கே அந்த இரண்டும் தேவைப்படவில்லை. இதுதான் எனக்கு உறுத்தல்.

தொதவர்கள் யாராலும் கண்டுபிடிக்கப்படக் காத்திருந்தவர்கள் அல்ல. 1117ல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தொதவர்களை அச்சுறுத்தியதாகக் கன்னடக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. சரித்திரத்தில் அவர்களுடைய முதல் பிரவேசமே பயமுறுத்தப்பட்டவர்களாக. 1603ல் ஃபெனிசியோ என்ற சேசு சபைப் பாதிரி கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து ஏறி வந்தார். மலைமேல் வழிதவறிய பழைய கிறிஸ்தவர்கள் இருப்பதாக அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால் எருமையும் பாலும் பால்மனைப் பூசாரியும். கண்ணாடிகளைப் பரிசாகக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். மதம் மாற்ற வந்தவர் அத்தனை சீக்கிரம் மனம் மாறிப் போனது அபூர்வம். அதன்பிறகு வந்தவர்கள் அத்தனை பேரும் வேறு எதையாவது தேடியே வந்தார்கள். 1832ல் புத்தகம் எழுதிய ஹார்க்னஸ் என்ற ராணுவ அதிகாரிக்கு அவர்கள் ஒரு வினோதமான ஆதி இனம். இன்னும் சிலருக்கு அவர்கள் இஸ்ரேலின் காணாமல் போன கோத்திரம், அல்லது ரோமானியர். இருபதாம் நூற்றாண்டில் கிரேக்க இளவரசர் பீட்டருக்கு அவர்கள் சுமேரியர். பிளாவட்ஸ்கி அம்மையாரின் கதை இன்னும் வேறு. சுருக்கம் என்னவென்றால், தொதவர் தொதவராக இருப்பது யாருக்கும் போதவில்லை.

நீலகிரி ஒரு காலி மலை அல்ல. கோத்தர்கள் இரும்பும் பானையும் கொடுத்தார்கள். தொதவரின் இழவு வீட்டில் வாத்தியம் வாசித்தார்கள். படகர்கள் தானியம் கொடுத்தார்கள். குறும்பர்களிடமிருந்து தேனும், அதோடு மாந்திரிகம் பற்றிய பயமும் வந்தன. தொதவர்கள் நெய் கொடுத்தார்கள். படகர் தொதவருக்கு அளந்த தானியத்துக்கு 'குடு' என்று பெயர். வெள்ளைக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் வேண்டியிருந்தது. இது வாரமா, தானமா, வரியா? வரி என்றால் நிலம் தொதவருடையது. தானம் என்றால் நிலம் யாருடையதும் அல்ல, அதாவது கம்பெனியுடையது. ஒரு படி ராகியின் வியாகரணத்தில் ஒரு மலையின் உரிமை தொங்கிக்கொண்டிருந்தது.

சல்லிவன் வரி என்ற கட்சி. மண்ணின் உடைமை தொதவருடையது, விலை கொடுத்தே வாங்க வேண்டும் என்று அவர் வாதாடினார். ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் அவர் தொதவரிடம் வாங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1822ல் கல் பங்களா கட்டத் தொடங்கினார். மலைமேல் அதிக நிலம் வைத்திருந்த ஆங்கிலேயரும் அவரே. தொதவர் உரிமைக்காகப் பேசியது தன் பத்திரங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று அவருடைய எதிரிகள் சொன்னார்கள். இரண்டும் உண்மையாக இருக்கக் கூடாதா என்ன? விற்கிறவனுக்கு உரிமை இருந்தால்தானே வாங்கியவனுக்கு உரிமை. சுயநலம் சில சமயம் நீதியின் குரலிலேயே பேசுகிறது. அதற்காக அது நீதி இல்லை என்றும் ஆகிவிடாது. இந்த விஷயத்தில் சல்லிவனைச் சிலையாக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, திருடன் என்று ஒரு வார்த்தையில் முடிக்கிறவர்களோடும் உடன்பாடில்லை. முடிவில் அவர் கட்சி தோற்றது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர் சபை 1843ல் முடிவு சொன்னது: தொதவருக்கு மேய்ச்சல் உரிமை உண்டு, சொத்துரிமை இல்லை. அதன்பிறகு மந்துக்கு இத்தனை ஏக்கர் என்று அளந்து ஒதுக்கி, விற்கவோ மாற்றவோ முடியாதபடி நிபந்தனை போட்டுக் கொடுத்தார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். பாதுகாப்பாகவும்தான் இருந்தது, இல்லாவிட்டால் அந்தக் கொஞ்சமும் ஓட்டல்களாகியிருக்கும். ஆனால் முழு மலையில் மேய்ந்தவனுக்குத் துண்டு நிலத்தைப் பாதுகாத்துக் கொடுப்பது என்ன மாதிரியான பாதுகாப்பு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அரசாங்கம் மலைமேல் குடியேறியது. 1848ல் மெக்ஐவர் தாவரவியல் தோட்டத்தை அமைக்க ஆரம்பித்தார். 1870களிலிருந்து சென்னை ராஜதானி வருஷத்தில் சரிபாதி இங்கிருந்து ஆளப்பட்டது. 1899ல் குன்னூருக்கும் 1908ல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நகரத்தில் 88,000 பேருக்குமேல். தொதவர்கள் நீலகிரி முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 2,000. 1901ல் 800 சொச்சம் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இது நல்ல செய்தி. அழிந்துகொண்டிருக்கும் இனம் என்று அவர்களைப் பற்றி இரங்கல் எழுதியவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள், தொதவர்கள் இருக்கிறார்கள்.

ஊட்டிக் கிளைக்கு எனக்கு மாற்றல் வந்தபோது என் தகுதி ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ., கவுண்ட்டரில் ஐந்து வருஷ அனுபவம். மாலையில் தோட்டத்துக்குள் நுழைந்து மேலே ஏறினால் உச்சியில் ஒரு மந்து. சுற்றுலாக்காரர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் படம் எடுக்கவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன். கவிதை எழுதினேன். தவழ்ந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்குத் தாழ்ந்த அந்த வாசல், அதற்குள் இருந்த இருட்டு, கருப்பை, திரும்பிப் போதல், நவீன மனிதனின் வீடின்மை. அப்போது எனக்குத் தெரிந்த எல்லாமே அதில் இருந்தன. இதைப் போன்ற ஒரு பத்திரிகையில் அது வந்தது. படித்த இருநூறு பேரில் மூன்று பேர் கடிதம் எழுதினார்கள். படிமம் இறுக்கமாக அமைந்திருக்கிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு முதியவர் வங்கிக்கு வந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த பூத்துக்குளி. கடன் விண்ணப்பம். பட்டாவின் நகலைக் கொண்டுவந்திருந்தார். நிபந்தனைப் பட்டா, அடமானத்துக்கு ஆகாது. மேனேஜர் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பினார், சொல்லி அனுப்பச் சொல்லி. நான் மரியாதையாகத்தான் சொன்னேன். அதற்குமுன் படிவத்தைப் பூர்த்திசெய்தபோது மந்தின் பெயரைக் கேட்டு எழுதியிருந்தேன். அவர் படிவத்தைத் திருப்பி வாங்கியபோது அந்த இடத்தில் விரல் வைத்து, "இது எங்க பேர் இல்லீங்க சார். படகர் சொல்ற பேர்" என்றார்.

"உங்க பேர் எப்படிங்க ஐயா?"

சொன்னார். நாக்கு மேலண்ணத்தில் பட்டு, காற்று இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு வெளியேறும் ஒரு ஒலி. அதற்குப் பின்னால் நம் ரகரமும் அல்லாத றகரமும் அல்லாத ஒரு உருட்டல். நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். நம் லிபியில் அதற்கு இடமில்லை. திராவிட மொழிகளில் தொதவ மொழி ஒலிகளில் மிகவும் தனியான ஒன்று, மூன்று வகை உருட்டொலிகள் அதில் உண்டு என்பதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. தம்மைச் சுட்டும் சொல்லை 'ஓள்' என்று நாம் ஒருவாறு எழுதலாம்; மனிதர் என்று பொருள்; அந்த ளகரமும் நம் ளகரம் இல்லை. அவர் என் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதினதே இருக்கட்டுங்க. பட்டாவிலயும் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு என் கவிதை எனக்கு அபத்தமாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு கவிதை. அப்படி உடனே எதுவும் நடக்கவில்லை. மூன்று மணிக்குக் கணக்கு முடித்தேன், நாலரைக்கு டீ குடித்தேன். உறுத்தல் மெதுவாக வந்தது, புத்தகங்கள் வழியாக. நம்மைப் போன்றவர்களுக்கு எதுவும் அப்படித்தானே வருகிறது.

ரிவர்ஸ் எழுதிய 'தொதவர்கள்' 1906ல் வெளியான பெரிய புத்தகம். கேம்பிரிட்ஜில் உளவியல் கற்பித்தவர். டாரஸ் ஜலசந்தித் தீவுகளில் அவர் கண்டுபிடித்த வம்சாவளி முறையைத் தொதவரிடம் பரீட்சித்துப் பார்த்தார். யார் யாருக்கு மகன், யார் யாரை மணந்தார் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு ஒட்டுமொத்த இனத்தையும் அட்டவணையாக்கினார். ஓர் இலக்கியப் பிரதியைப் போலப் பால்மனைகளின் படிநிலையை, கடைசல் சடங்குகளை, எந்தப் பாத்திரம் எந்தப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்பதை வாசித்தார். அதில் என்னை நிறுத்தியது ஒரு சிறிய பகுதி. சடங்கொன்றை அவருக்குக் காட்டியவர்களும் புனிதமானவற்றைச் சொன்னவர்களும் கொஞ்ச நாளில் அடுத்தடுத்துக் கஷ்டத்துக்கு ஆளானார்கள். ஒருவர் நோயில் விழுந்தார். ஒருவர் மனைவியை இழந்தார். ஒருவருடைய ஊர்ப் பால்மனை எரிந்துபோயிற்று. அந்நியனுக்கு ரகசியத்தைச் சொன்னதால் தெய்வங்களுக்குக் கோபம் என்று குறிசொல்கிறவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு விஷயம் கிடைப்பது நின்றுபோயிற்று. ரிவர்ஸ் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார், அது அவருடைய நேர்மை. ஆனால் புத்தகம் வெளிவந்தது. எழுநூறு பக்கங்களுக்கு மேல். தெய்வங்களின் அபிப்பிராயம் அவற்றில் ஒரு தகவலாகச் சேர்ந்துகொண்டது.

இரண்டாமவர் எமனோ. 1930களின் பின்பாதியில் நீலகிரியில் தங்கி, தொதவர் பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவர். 1971ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட 'தொதவர் பாடல்கள்' ஆயிரம் பக்கத்தை நெருங்கும் புத்தகம். இதைத் தமிழில் கவிதை பற்றிப் பேசுகிற நாம் அனேகமாகத் தொடவில்லை. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' படகர் வாழ்க்கையைக் கொண்டுவந்தது. அதற்கப்பால் நீலகிரி நமக்கு சினிமாவில் டூயட் பாடும் இடம்.

எமனோ விவரிக்கும் கவிதை முறை இது. பாடல் மூன்றசைத் துண்டுகளாலானது. எந்த வாக்கியமும் தனியாக வராது. அதே அமைப்பில், அதே நீளத்தில் ஒரு ஜோடி வாக்கியம் கூடவே வரும். ஒரு மந்தைச் சொன்னால் அதன் ஜோடி மந்தையும் சொல்ல வேண்டும். ஒரு எருமையின் பெயருக்கு அதன் ஜோடிப் பெயர். எந்த விஷயத்துக்கு எந்த ஜோடி என்பது முன்பே தீர்மானமானது. பாடுகிறவன் புதிய தொடரைச் செய்வதில்லை, இருப்பவற்றிலிருந்து எடுத்துக் கோக்கிறான். எதையும் நேராகச் சொல்வதில்லை, குறிப்பாலேயே சொல்வது. கேட்கிறவனுக்கு அந்த மந்தும் அந்த எருமையும் அந்தச் சாவும் தெரிந்திருந்தால்தான் பாட்டு புரியும். இன்னொன்று: கவிஞன் என்று தனியாக ஒருவன் இல்லை. அநேகமாக எல்லோருமே பாடல் கட்டுகிறார்கள், கட்டிக்கொண்டே பாடுகிறார்கள். சாவுக்குப் பாடுகிறார்கள், கல்யாணத்துக்குப் பாடுகிறார்கள், ஊருக்குள் நடந்த எதற்கும் பாடுகிறார்கள்.

நம் விமர்சனத்துக்கு இது ஒரு இடைஞ்சல். தனிமனித அனுபவம், அதன் பிரத்தியேகமான வெளிப்பாடு, தேய்ந்த சொல்லைத் தவிர்த்தல் என்று நாம் கட்டிவைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்றுகூட இங்கே செல்லுபடியாகாது. இந்தக் கவிதை முழுக்க முழுக்கத் தேய்ந்த சொல்லால் ஆனது. ஆனாலும் செத்தவனுக்காக அழும் அழுகை தேய்ந்ததாக இல்லை. கைலாசபதி 1968ல் வெளியிட்ட ஆங்கில நூலில், சங்கப் பாடல்கள் வாய்மொழி வாய்பாடுகளால் ஆனவை என்று யுகோஸ்லாவியப் பாடகர்களை ஆராய்ந்த பாரி, லார்டு ஆகியோரின் வழியில் வாதாடினார். அதை மறுத்தவர்களும் உண்டு, எனக்கும் முழு உடன்பாடு இல்லை. ஆனால் வாய்பாட்டுக் கவிதை உயிரோடு எப்படி இருக்கும் என்று பார்க்க யுகோஸ்லாவியா வரை போக வேண்டியிருந்தது என்பதுதான் வேடிக்கை. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் போதும். முதலும் கருவும் உரியும் என்று நிலத்தையும் பூவையும் பறவையையும் ஏற்கெனவே பங்குபோட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பங்குக்குள் நின்று ஒருத்தியின் தனிமையைச் சொன்னவர்களின் வாரிசுகள் நாம். தொதவர் பாட்டைக் கேட்டால் அந்த முறை கொஞ்சம் பிடிபடலாம். குறிஞ்சி என்பதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்து மலைமேல் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இங்கேயே என்னை நான் தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுவும் எதையோ தேடிக்கொண்டு மலையேறுவதுதான். ஃபெனிசியோ கிறிஸ்தவர்களைத் தேடினார், நான் சங்க காலத்தைத் தேடுகிறேன். தொதவர் பாட்டு நம் பழைய பாட்டுக்கு அடிக்குறிப்பு அல்ல. அது அந்த ஜனங்களின் விவகாரங்களைப் பற்றியது, அந்த எருமைகளைப் பற்றியது. ஜோடி வாக்கியத்தின் பாதியாக வரும் ஒரு மந்து ஆளில்லாமல் போனால் அந்த ஜோடி என்னவாகும், கற்பூர மரம் மூடிவிட்ட மேய்ச்சலின் பெயரைப் பாடுகிறவன் எதைப் பாடுகிறான் என்பவைதான் அதன் விமர்சனப் பிரச்னைகள்.

மேய்ச்சல் போனது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீலகிரியின் மேல்தளம் பாதி புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது இந்த இரண்டும் சேர்ந்துதான். ரெவின்யூ பாஷையில் மரமில்லாத நிலம் தரிசு. 1840களில் வந்த கற்பூர மரமும் சீகை மரமும் முதலில் விறகுக்கு, பிறகு தோல் பதனிடும் பட்டைக்கு, சுதந்திரத்துக்குப் பின் செயற்கைப் பட்டு ஆலைக் கூழுக்கு என்று புல்வெளியின் மேல் பரவின. தரிசு என்று எழுதியவுடன் மரம் நடுவது தர்மமாகிவிடுகிறது. ஆயிரமாண்டு எருமை மேய்த்த நிலத்தை ஒரு சொல் காலிசெய்துவிட்டது. 1960ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் வென்லாக் புல்வெளியிலேதான் எழுந்தது. நம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கான பிலிம் அந்தப் புல்லின் மேல் செய்யப்பட்டது. தொழிற்சாலையும் இன்று இல்லை. புல் திரும்பி வரவில்லை.

இனி எங்கள் வீட்டு விஷயம். என் தாத்தா கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேமில் இருந்தார். பைகாரா கரண்டு என்று ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். 1932ல் பைகாரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 1888ல் ஒரே ஒரு ஆலையோடு தொடங்கிய ஊரில் அதற்குப்பின் ஆலைகள் வரிசையாக எழும்பின. சுற்றியிருந்த தோட்டங்களில் கவலை இறைத்த எருதுகளை அவிழ்த்துவிட்டு மோட்டார் வைத்தார்கள். மோட்டார் செய்யும் பட்டறைகள் பீளமேட்டில் வந்தன. கொங்குநாட்டு உழைப்பு, கொங்குநாட்டுச் சிக்கனம் என்று நாங்கள் பெருமை பேசுவதில் பாதி உண்மை. மறுபாதி அந்தத் தண்ணீர். நான் பள்ளிக்கூடம் போனதும் ஷெல்லியைப் படித்ததும் இந்தப் பத்திரிகைக்கு எழுதுவதும் அந்த இரவு ஷிப்டுகளின் வழியாக வந்தவை.

பைகாரா தொதவருக்குப் புனித நதி. ரிவர்ஸ் அதை எழுதியிருக்கிறார். நினைத்த நாளில் நினைத்தவர் கடந்துவிட முடியாது. கடக்கும்போது பூத்துக்குளிக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவற்றின் முன் அவர்கள் செய்யும் மரியாதை அது. நீர்த்தேக்கத்துக்காக முக்குர்த்தி அணை 1938ல் முடிந்தது. முக்குர்த்தி சிகரத்துக்கு மேற்கே இறந்தவர்களின் உலகம், அம்நோர். ஓன் என்ற தெய்வம் ஆளும் இடம். அங்கும் இதே சூரியன், இதே எருமை மேய்த்தல். ஒரு வித்தியாசம் மட்டும்: நடக்க நடக்க அங்கிருப்பவர்களின் கால்கள் தேய்கின்றன. முழங்கால் வரை தேய்ந்ததும் ஓன் அவர்களைத் திரும்ப இந்த உலகத்துக்கே புது மனிதர்களாக அனுப்பிவிடுகிறான். சொர்க்கத்தில் மனிதன் தேய்ந்துபோகிறான் என்று வேறு எந்த ஜனமாவது யோசித்திருக்கிறதா தெரியவில்லை. பார்த்தீர்களா, மறுபடியும் படிமம் தேடுகிறேன்.

2013ல் பூத்துக்குளித் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு யாரும் அந்தப் பெயரில் விற்க முடியாது. தம்முடையது என்று சட்டம் ஒப்புக்கொண்ட ஒரு பெயராவது அவர்களுக்குக் கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கவிதையை என் தொகுப்பில் சேர்க்கவில்லை. இதற்காக வருத்தப்படுகிற நண்பரிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

மாற்றல் கிடைத்து ஊரைவிட்டு இறங்குவதற்கு முந்திய வாரம் கூடலூர் பஸ்ஸில் போனேன். எனக்கு முன் இருக்கையில் ஒரு தொதவர், வங்கிக்கு வந்தவர் அல்ல, அவரைவிட இளையவர். பைகாரா பாலத்தில் பஸ் ஏறியபோது அவர் வலது கையைத் துணிக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே நேரம் கண்டக்டர் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார், அதற்காகவும் இருக்கலாம்.